ஸ்பிரிங் மாற்றிய பிறகு வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது, டயர் உள்பக்கம் தேய்கிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

உங்கள் கேள்வியில் இருப்பதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். 2015 ஸ்விஃப்ட் டீசல். நான்கு பக்கமும் 40 மி.மீ. இறக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்கள். ஷாக் அப்சார்பர் கம்பெனியில் வந்த பழையதே. முன்னால் வலது பக்கம் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறது, இடது பக்கம் இரண்டு விரல்தான். 8,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் மொட்டையாகிவிட்டன. இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்தும் கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகவே வந்தது. பட்டறையில் "ஸ்பிரிங் செட்டாகட்டும், இல்லாவிட்டால் இடது பக்கம் ரப்பர் பஃபர் வைத்துத் தூக்கிவிடலாம்" என்கிறார்கள். பஃபர் வைக்கலாமா, ஸ்பிரிங்கையே மாற்றவா என்பது நீங்கள் கேட்டது.

உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். உயரம் ஏன் சமமாக இல்லை என்பது ஒன்று. டயர் ஏன் தேய்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில் தொடங்கியதால் ஒன்றுக்கொன்று காரணம் என்று தோன்றுவது இயல்பு. சஸ்பென்ஷன் வேலையிலேயே பல வருஷமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அவை தனித்தனிக் கோளாறுகள். இதை நீங்களே யோசித்துப் பார்க்கலாம். இடது பக்கம் மட்டும்தான் தாழ்ந்திருக்கிறது, ஆனால் டயர் இரண்டு பக்கமும் தேய்ந்திருக்கிறது. ஒரு விரல் உயர வித்தியாசம்தான் டயரைத் தின்றது என்றால் வலது டயர் தப்பித்திருக்க வேண்டும். ஆகவே உயரத்தைச் சரிசெய்துவிட்டால் டயரும் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பிப் புது டயர் வாங்கிவிடாதீர்கள். அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். விரல் கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியில் டயரின் காற்றும் தேய்மானமும் கலந்து வரும். ஃபெண்டர் ஒரு காலத்தில் டிங்கரிங் செய்யப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து வரும். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று வையுங்கள். டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். சமதளமான தரை வேண்டும். பட்டறைத் தரையும் வீட்டுப் போர்ட்டிகோவும் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் வாட்டம் வைத்துக் கட்டப்பட்டவை, அதை நம்ப முடியாது. வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கி விட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல் கட்டை வைத்து நிறுத்துங்கள். இப்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். நான்கு சக்கரத்துக்கும் இதைச் செய்துவிட்டு, அதே இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். இரண்டு தடவையும் ஒரே பக்கம் ஒரே அளவு தாழ்ந்திருந்தால் குறை வண்டியில் இருக்கிறது. பக்கம் மாறினால் தரையில் இருக்கிறது. கூடவே ஜாக்கி வைக்கும் இடத்திலிருந்து தரை வரைக்கும் அளந்துவிடுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து எடுத்த அளவு வித்தியாசமாக இருந்து, ஜாக்கி இடத்து அளவு இரண்டு பக்கமும் சமமாக வந்தால், வண்டி நேராகத்தான் நிற்கிறது, ஃபெண்டர்தான் ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு காலத்தில் இடி வாங்கிச் சரிசெய்த வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஐந்து மி.மீ. வரை வித்தியாசம் வந்தால் நான் அதைத் தொடவே மாட்டேன். புது வண்டியிலேயே அவ்வளவு இருக்கும். பத்து மி.மீ. தாண்டினால் காரணம் தேடுவேன். உங்கள் ஒரு விரல் கணக்குப்படி பதினைந்து மி.மீ. பக்கம் வரும் என்று தோன்றுகிறது, அளந்தால்தான் உறுதி. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தாழ்ந்திருக்கும் மூலையில்தான் குறை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கால் குட்டையான கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் எதிர் மூலையில் தெரியும். பின்னால் வலது ஸ்பிரிங் அதன் இடத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டு நின்றால், முன்னால் இடது பக்கம் அமுங்கும். நான்கு அளவையும் எழுதிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். முன் இடது தாழ்வு, பின் வலது உயரம் என்று குறுக்காக வந்தால் பின் ஸ்பிரிங்கைத்தான் முதலில் கழற்றிப் பார்ப்பேன். அது முன் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூணை, கழற்றுவதைவிட எளிது. இடது பக்கம் முன்னும் பின்னும் சேர்ந்தே தாழ்ந்திருந்தால் யோசனை வேறு திசையில் போக வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றிய உடனே வந்த உயர வித்தியாசத்துக்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் ஸ்பிரிங்கின் குறை அல்ல, மாட்டிய விதம். ஸ்ட்ரட்டின் கீழ்த் தட்டில் ஸ்பிரிங்கின் முனை வந்து முட்டி நிற்பதற்கென்று ஒரு படி இருக்கும். முனை அந்தப் படியைத் தொட்டு உட்கார வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியான கம்ப்ரஸரில் இறுக்கிய ஸ்பிரிங்கை விடும்போது அது சற்றே சுழன்று படியின் மேல் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் சில மி.மீ. உயர்ந்துவிடும். மேலே இருக்கும் ரப்பர் சீட் மடங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் போட்டு மறு பக்கம் விட்டுப்போயிருந்தாலோ இதே கதைதான். ஸ்பிரிங்கில் அச்சடித்த நம்பரை இரண்டு பக்கமும் படித்துப் பாருங்கள், முன்னால் போட வேண்டிய இரண்டும் ஒரே நம்பர்தானா என்று. எழுத்து தலைகீழாகத் தெரிந்தால் ஸ்பிரிங்கும் தலைகீழாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் சுருள் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளியாகவும் இருக்கும் ஸ்பிரிங்குகளில் மேல், கீழ் பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

அடுத்த காரணம் புஷ். பட்டறைகளில் மிக அதிகமாக விட்டுப்போகும் வேலை இதுதான். சக்கரத்தைக் கீழே பாடியுடன் இணைக்கும் லோயர் ஆர்மின் உள் முனையிலும், பின் ஆக்ஸில் பாடியுடன் சேரும் இடத்திலும் இருக்கும் ரப்பர் புஷ் சுழல்வதில்லை. ரப்பர் உள் குழாயுடனும் வெளிக் குழாயுடனும் ஒட்டியே இருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாதிரி பாடியை மேலே தள்ளும். ஒரு பக்கத்து போல்ட்டைத் தொங்கவிட்டு இறுக்கி, மறு பக்கத்தைத் தரையில் வைத்து இறுக்கியிருந்தால் உயரம் சமமாக வராது. 40 மி.மீ. இறக்கிய வண்டியில் பழைய போல்ட்டை யாருமே தொடாமல் விட்டிருந்தாலும் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். இதைச் சரிசெய்ய உதிரிப்பாகம் எதுவும் தேவையில்லை. நான்கு சக்கரமும் எடை தாங்கி நிற்கும்படி வண்டியை ராம்பிலோ பிட் மேலோ நிறுத்தி, அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, நாலு தடவை அமுக்கிவிட்டு, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்க வேண்டும். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை உயரத்தை அளப்பதும் நல்லது. கழற்றியதும் வித்தியாசம் குறைந்தால், ஸ்டெபிலைசர் பார் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

"செட்டாகட்டும்" என்று சொன்னதில் பாதி உண்மை உண்டு. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் சில மி.மீ. இறங்கும். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தேதான் இறங்கும். 8,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஒரு பக்கம் மட்டும் செட்டாகக் காத்திருக்க எதுவும் இல்லை. "ஷாக் போனதால்தான் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது" என்றும் யாராவது சொல்வார்கள். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதன் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே. கேஸ் நிரப்பிய ஷாக்கில் கேஸ் கொஞ்சம் மேலே தள்ளும், அது போனால் சில மி.மீ. இறங்கலாம். ஒரு விரல் இறங்காது.

இவ்வளவும் பார்த்த பிறகும் வித்தியாசம் இருந்தால், முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிச் சமமான மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள், கம்பியின் கனத்தையும் பாருங்கள். பிறகு இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டுங்கள். தாழ்வு வலது பக்கம் போய்விட்டால் ஸ்பிரிங்தான் குற்றவாளி. ஜோடியாக மாற்றிக் கேளுங்கள். தாழ்வு இடது பக்கமே நின்றால் ஸ்பிரிங்கைக் குறை சொல்வதில் பயனில்லை. மேல் மவுன்ட், ஸ்ட்ரட்டின் தட்டு, பாடி என்று தேட வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு ஆகும் கூலி, ஊகத்தில் வாங்கும் எந்தப் பொருளையும்விடக் குறைவு.

நீங்கள் எழுதவில்லை என்றாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். இது லோயரிங் ஸ்பிரிங்காகவே தயாரித்து வந்ததா, அல்லது கம்பெனி ஸ்பிரிங்கை வெட்டியோ சூடேற்றி அமுக்கியோ கொடுத்ததா? கேஸ் கட்டரின் சூடு பட்ட கம்பி தன் பதத்தை இழந்துவிடும். பிறகு எந்தப் பக்கம் எப்போது எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய ஸ்பிரிங்கில் தட்டில் உட்காரும் முனை வடிவமும் போய்விடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து இடம் விட்டு விலகலாம். அப்படிப்பட்ட ஸ்பிரிங் என்றால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம், முதலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பஃபர் விஷயத்துக்கு வருகிறேன். சுருளுக்கு நடுவே செருகும் அந்த ரப்பர் உயரத்தைத் தூக்கும், அது உண்மை. ஆனால் அது நிற்கும் இடத்தில் சுருள் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் மட்டும் கடினமாகிவிடும். முன் இடது மூலையை மட்டும் தூக்கினால் எடை அந்த மூலைக்கும் அதற்குக் குறுக்கே பின் வலதுக்கும் கூடிப் போகும். மற்ற இரண்டு சக்கரங்கள் லேசாகும். மழையில் அவசரமாகப் பிரேக் அழுத்தும்போது இது தெரியும். காரணம் தெரியாமல் பஃபர் வைப்பது குறையை மூடி வைப்பதுதான். வேண்டாம்.

இனி டயர். தேய்ந்த டயரை எறிந்துவிடாதீர்கள், அதில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து உள் ஓரம் தெரியும்படி வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளங்கையை டயரின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளிருந்து வெளியே ஒரு தடவை. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கையை வைக்காதீர்கள். அந்த டயரில் ஓட்டவும் கூடாது. ஒரு திசையில் வழவழவென்று போய், எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரி விரலில் இடறினால் அது டோ தேய்மானம்; மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பதுதான் டோ. வெளியிலிருந்து உள்ளே ஓட்டும்போது இடறினால் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே விரிந்திருக்கிறது, அதாவது டோ அவுட். உள்ளிருந்து வெளியே ஓட்டும்போது இடறினால் டோ இன். இரண்டு திசையிலும் வழவழப்பாக, ஆனால் உள் ஓரம் நோக்கிச் சரிவாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல் பகுதி உள்ளே சாய்ந்திருப்பது. சுற்றளவில் அங்கங்கே குழி குழியாக இருந்தால் ஷாக்கின் வேலை முடிந்துவிட்டது, அல்லது பேலன்சிங் இல்லை. இரண்டு ஓரமும் சேர்ந்து தேய்ந்தால் காற்றுக் குறைவு.

வண்டியை இறக்கினால் உள் ஓரம் தேய்வதற்கு எல்லாரும் கேம்பரைக் கைகாட்டுகிறார்கள். என் அனுபவத்தில் டயரை வேகமாகத் தின்பது டோதான். எந்த இடத்தில் தேய வேண்டும் என்று கேம்பர் தீர்மானிக்கிறது, எவ்வளவு வேகமாக என்று டோ தீர்மானிக்கிறது. கணக்குப் போட்டே காட்டுகிறேன். உங்கள் வண்டியில் கம்பெனி தரும் 165/80 ஆர்14 ஆனாலும் 185/65 ஆர்15 ஆனாலும் டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. வரும். ஒரு சக்கரத்தின் முன் விளிம்பு அதன் பின் விளிம்பைவிட வெறும் 1.5 மி.மீ. வெளியே விலகியிருக்கிறது என்று வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு. அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 8,000 கிலோமீட்டருக்கு அது 19 கிலோமீட்டர். தார் ரோட்டில் டயரைக் குறுக்காக 19 கிலோமீட்டர் இழுத்தால் என்ன மிஞ்சும்? அதே டயர் ஒரு டிகிரி கேம்பரில் சாய்ந்திருந்தால் மேல் விளிம்பு 11 மி.மீ. உள்ளே போயிருக்கும், கண்ணுக்கே தெரியும்; ஆனாலும் டோ சரியாக இருந்தால் அந்த டயர் நன்றாகவே உழைக்கும். வால்பாறை மாதிரி 40 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் ஓடும் வண்டிகளில் வெளி ஓரம்தான் முதலில் போகும். அங்கே கொஞ்சம் உள் சாய்வு இருப்பது நல்லதும்கூட.

இறக்கினால் டோ ஏன் மாறுகிறது என்றால், லோயர் ஆர்மும், ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் இரண்டு வெவ்வேறு நீளமுள்ள கைகள். இரண்டும் வட்ட வில்லில்தான் ஏறி இறங்கும். கம்பெனி வைத்த உயரத்தில் இரண்டு வில்லும் ஏறக்குறைய ஒன்றாகப் போகும்படி அமைத்திருப்பார்கள். பாடியை 40 மி.மீ. இறக்கினால் இரண்டின் வெளி முனையும் மேலே ஏறும், வில்கள் அங்கே பிரியும். டை ராட், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை ஒரு பக்கம் தள்ளும் அல்லது இழுக்கும், டோ மாறிவிடும். எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். உங்கள் வண்டியில் எது நடந்தது என்பதை டயரின் ரம்பப் பல்லும் அலைன்மென்ட் தாளும்தான் சொல்ல வேண்டும். இறக்கிய உடனே அலைன்மென்ட் செய்யாமல் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் டயர் அப்போதே கெட்டிருக்கலாம். பிறகு செய்த அலைன்மென்ட் சரியாகவே இருந்தாலும், ஒரு முறை சாய்வாகத் தேய்ந்த டயர் தொடர்ந்து அங்கேயே தேயும். இரண்டு அலைன்மென்டும் எப்போது செய்தீர்கள், டயர் எப்போது கெட ஆரம்பித்தது என்ற வரிசை எனக்கு முக்கியம்.

பச்சை நிறத்தை நம்புவது பற்றி. மெஷின் காட்டும் பச்சை, கம்பெனி உயரத்துக்குச் சொன்ன எல்லைக்குள் அளவு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எல்லை அகலமானது; அதன் ஓரத்தில் நின்றாலும் பச்சைதான். வண்டி மாடலைத் தவறாகத் தேர்ந்திருந்தாலும் ஏதோ ஒரு பச்சை வரும். அளவுக் கருவியின் கிளாம்ப் அலாய் வீலில் சரியாக உட்காராமல், வண்டியை உருட்டி ரன் அவுட் (ரிம் சுழலும்போது வரும் கோணல்) பார்க்காமல் அளந்தாலும் வரும். ஜாக்கியில் தூக்கி இறக்கிய வண்டியை உருட்டாமல் அளந்தால், சக்கரங்கள் இன்னும் விரியாமல் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த எண் ரோட்டில் இருக்காது. அதனால் நிறத்தைக் கேட்காதீர்கள், தாளை அச்சடித்துக் கேளுங்கள், சரிசெய்வதற்கு முன், பின் என இரண்டும். இறக்கிய முன்சக்கர டிரைவ் வண்டிக்கு நான் வைப்பது இரண்டு சக்கரமும் சேர்த்துப் பூஜ்யத்திலிருந்து ஒரு மி.மீ. டோ இன் வரை. ஓட்டுபவர் சீட்டில் ஆள் எடையுடன் வைப்பது இன்னும் நல்லது. முன்னால் இடது, வலது டோ தனித்தனியாகக் கொஞ்சம் வேறுபட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், அவ்வளவுதான். ஓடும்போது இரண்டு சக்கரமும் மொத்த டோவைப் பங்கிட்டுக்கொள்ளும். டயருக்கு முக்கியம் மொத்த டோ.

கேம்பரைப் பொறுத்தவரை உங்கள் வண்டியில் கம்பெனி அமைப்பில் அதற்குத் தனியாகத் திருகும் வசதி கிடையாது. அதனால்தான் பல கடைகளில் கேம்பர் சிவப்பாக வந்தாலும் "அது அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வட்டம் விலகிய கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி அளவுக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். 40 மி.மீ. இறக்கம் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் கேம்பரைக் கூட்டும். ஒரு விரல் உயர வித்தியாசம் கால் டிகிரி அளவில் வேறுபாடு தரலாம். உதாரணமாக இடது பக்கம் மைனஸ் 1.5, வலது பக்கம் மைனஸ் 0.6 என்று வந்தால், இறக்கியது மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஏதோ வளைந்திருக்கிறது. நம் ஊரில் இடது சக்கரம்தான் ரோட்டின் உடைந்த ஓரத்திலும் பள்ளத்திலும் அதிகம் விழுகிறது. இறக்கிய வண்டியில் ஸ்பிரிங்குக்கு ஓடும் தூரம் குறைவு, அடி நேராக ஆர்முக்கும் ஸ்ட்ரட்டுக்கும் போகிறது. மெஷினில் கிங் பின் சாய்வையும் (சக்கரம் திரும்பும் அச்சு உள்ளே சாய்ந்திருக்கும் கோணம்), அதையும் கேம்பரையும் கூட்டி வரும் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுக் கோணம் இரண்டு பக்கமும் வேறுபட்டால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள் வளைந்திருக்கிறது. கூட்டுக் கோணம் சமம், ஆனால் கிங் பின் சாய்வு வேறு என்றால் லோயர் ஆர்ம், மேல் மவுன்ட், அல்லது கீழே லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சப் ஃபிரேம் இடம் மாறியிருக்கிறது. கிளட்ச் வேலைக்காக சப் ஃபிரேமை இறக்கிவிட்டு, பழைய அடையாளத்தில் வைக்காமல் ஒரு பக்கம் தள்ளி மாட்டிய வண்டிகளில் இது வரும்; ஒரு பக்கம் கேம்பர் கூடியிருக்கும், மறு பக்கம் அதே அளவு குறைந்திருக்கும். அங்கே கேம்பர் போல்ட் போடுவது தவறு, சப் ஃபிரேமைத் தளர்த்தி நகர்த்தினால் போதும்.

பின் சக்கரத்தில் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. உங்கள் வண்டியில் பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்கு அமைப்பு. இறக்கினாலும் அங்கே கேம்பரும் டோவும் அதிகம் மாறாது, திருகிச் சரிசெய்யவும் வழியில்லை. பின் டயர் ஒழுங்கற்றுத் தேய்ந்தால் பீமோ ஹப்போ அடி வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பழைய ஷாக்கைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது. அது கம்பெனி உயரத்துக்காகச் செய்தது; 40 மி.மீ. இறக்கியதும் உள்ளே போக மிச்சமிருக்கும் தூரத்தில் 40 மி.மீ. போய்விட்டது. ஸ்ட்ரட்டின் பளபளப்பான தண்டில், டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, ஒரு ஸிப் டையை லேசாக இறுக்கி, கீழே ஸ்ட்ரட் பாடியைத் தொட்டு நிற்கும்படி தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் தினமும் போகும் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அமுங்கும்போது ஸ்ட்ரட் பாடி அதை மேலே தள்ளும். திரும்பி வந்து பார்த்தால் ஷாக் எதுவரை அமுங்கியது என்று ஸிப் டை நிற்கும் இடம் காட்டும். ஷாக் முழுதாக அமுங்காமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பை முட்டியபடியே நிற்கிறது என்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி மவுன்ட்டுக்குத்தான் போகிறது. இந்தியச் சாலைக் குழுமத்தின் (ஐ.ஆர்.சி.) விதி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட வளைவாக இருக்க வேண்டும் என்கிறது. தெருக்களில் இருப்பவை பல அப்படி இல்லை. உங்கள் வண்டியின் தரை இடைவெளி கம்பெனிக் கணக்கில் 170 மி.மீ.; இப்போது 130தான். ஐந்து பேருடன் ஏறினால் இன்னும் இறங்கும். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ டயரில் குழி குழியாகத் தேய்மானம் இருந்தாலோ, இறக்கத்துக்கேற்ற குட்டையான ஷாக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்குப் பணம் ஒதுக்க முடியாது என்றால் கம்பெனி ஸ்பிரிங்குக்கே திரும்புவது நல்லது என்று நேரடியாகவே சொல்கிறேன்.

ஆக, என் பட்டறைக்கு இந்த வண்டி வந்தால் முதலில் அளப்பேன், பிறகு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் விதம், அடுத்து புஷ் போல்ட்டுகள், தேவைப்பட்டால் இடம் மாற்றும் சோதனை. உயரம் பத்து மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்து, டை ராட் முனை, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றில் ஆட்டம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அலைன்மென்ட். ஆட்டமுள்ள டை ராட் முனையை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டுமுன் மாறிவிடும். ஸ்பிரிங் கழற்றி மாட்டியிருந்தால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். டயரில் பள்ளத்தின் ஆழம் உள் ஓரத்திலும் 1.6 மி.மீ.க்கு மேல் மிச்சம் இருந்தால், திசை அம்பும் உள், வெளி அடையாளமும் இல்லாத டயராக இருந்தால், ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். நீங்கள் சொல்வதுபோல் மொட்டையாகிவிட்டது என்றால் அதற்கும் இடமில்லை. புது டயரை அலைன்மென்ட் செய்யும் அன்றைக்கே மாட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம். முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு உள், நடு, வெளி என்று மூன்று இடத்தில் ஆழம் அளந்து எழுதி வைத்தால், தவறு இருந்தால் டயர் கெடுமுன்பே தெரிந்துவிடும்.

வண்டியை இறக்கியதில் ஹெட்லைட்டின் கோணமும் மாறியிருக்கும், அதையும் வைக்கச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களில் யாரிடமாவது பின் ஆக்ஸில் உயரத்தைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைப் பிரிக்கும் வால்வு உள்ள பழைய வண்டி இருந்தால், அதைத் திருத்தாமல் பின்பக்கத்தை இறக்கவே கூடாது. பாடி தாழ்ந்ததைப் பார்த்து வண்டியில் பாரம் ஏற்றியிருப்பதாக எடுத்துக்கொண்டு அந்த வால்வு பின் சக்கரத்துக்கு அதிக அழுத்தம் கொடுக்கும், ஈர ரோட்டில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் தொல்லை தரலாம், அவர்களிடம் எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதற்கு மேல் ஊகிக்க விரும்பவில்லை. நான்கு மூலை அளவுகள், ஸ்பிரிங்கில் இருக்கும் நம்பர், டயரைத் தடவும்போது எந்தத் திசையில் இடறுகிறது என்பது, அலைன்மென்ட் தாளில் உள்ள முன் கேம்பர், டோ எண்கள் ஆகியவற்றை எழுதுங்கள். அவற்றை வைத்து எதை முதலில் கழற்றுவது என்று சொல்கிறேன். அதுவரை வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். உள் ஓரத்தில் கம்பி தெரிந்தால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு டயர் கடை வரைக்கும் மட்டும் போங்கள்.